தலைமன்னார் வழியாக ஒரு குடும்பப் பயணம்

பிள்ளை குட்டிகளோடு கப்பலேறுவதற்குச் செலவிடும் பணம் தகுமா என்ற கேள்வி இக்காலத்தில் விடுமுறைக் கேள்வியாகிவிட்டது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கு உல்லாசக் கப்பலொன்று வரத் தொடங்கியபோது, நண்பர்கள் சிலர் என்னிடமும் இதைக் கேட்டனர். உல்லாசப் பயணம் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவுமில்லை. ஆனால், நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களில் 1960களின் இறுதியிலும் 1970களிலும் லயத்துக்கு லயம் இதே கேள்வி கேட்கப்பட்டது. அது திரும்பி வராத பயணம். கடற்பரப்போ சில மணி நேரத்தில் கடக்கக்கூடியது.

மலையகத்துக்கு வந்த முன்னோர்கள் பலர் குடும்பமாகவே வந்தவர்கள் என்பதை முதலில் நினைவில் இருத்த வேண்டும். கோப்பிக் காலத்தில் பருவத்துக்கு வந்து திரும்பியோரில் ஆண்களே மிகுதி. தேயிலை வந்த பின்னரே ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கப் பெண்களும் பிள்ளைகளும் வேண்டியவர்களாயினர். வழிச்செலவைக் கங்காணி முன்பணமாகக் கொடுப்பார். அது குடும்பத்தின் கடனாக எழுதப்படும். கடனைத் தீர்க்கும் தோட்டம் ஆட்களைப் பெற்றுக்கொள்ளும் என்பதே ‘துண்டு’ முறை. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ் உயர்மலைத் தோட்டங்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பிள்ளைக்கு எவ்வளவு பெறுமதி என்பது அன்றே சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி, சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தனர். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேரை இலங்கை ஏற்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் (1974இல் அவர்களையும் பாதிபாதியாகப் பங்கிட்டனர்). சம்பந்தப்பட்ட மக்களிடமோ அவர்களுடைய தலைவர்களிடமோ எவரும் கேட்கவில்லை. இத்தொகைகளோடு ‘இயற்கை அதிகரிப்பு’ என்றொரு சொல்லையும் சேர்த்திருந்தார்கள். உடன்படிக்கைக்குப் பின் பிறக்கும் குழந்தைகளைத்தான் அப்படிக் குறித்தனர். பிறக்கும் முன்பே ஒரு பிள்ளை கணக்கில் ஏறிவிட்டது.

இரு மாதங்கூட ஆகவில்லை. டிசம்பர் 22, 23ஆம் திகதிகளில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1914 முதல் இராமேசுவரத் தீவையும் தலைமன்னாரையும் இணைத்துவந்த அந்தப் பழைய துறை போனதால், தாயகம் திரும்பியோரின் கப்பல் இராமேசுவரத்துக்கே போயிற்று. பின்னாளில் ‘இராமானுஜம்’ என்ற கப்பலே அப்பாதையில் ஓடியது.

இனி, குடும்பத்தின் கணக்குக்கு வருவோம். கப்பல் கட்டணம் அதில் பெரிய விடயமன்று. சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் கையில் எவ்வளவு வரும் என்பதே முதற் கேள்வி. ஒரு குடும்பம் கொண்டுசெல்லத்தக்க சொத்தின் உச்சவரம்பு 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படலாகாது என உடன்படிக்கை சொன்னது. இந்தியப் பிரஜையாகிவிட்டவர், அனுப்பப்படும் வரை, அல்லது 55 வயது வரை, எது முந்தியதோ அதுவரை இங்கே வேலை பார்க்கலாம் என்றும் சொன்னது. அக்கரையில் தொழில் தொடங்கக் கடன் கிடைக்கும், அல்லது தோட்ட வேலை கிடைக்கும் என்று கண்டி உதவி உயர்ஸ்தானிகராலயம் வழங்கிய குடும்ப அட்டை கூறியது. இதற்கு எதிர்த்தட்டில் வைக்க வேண்டியவை எந்தத் தாளிலும் இல்லை: லயத்துக் கொல்லைப்புறத்து மரக்கறிப் பாத்தி, மாடு, பிள்ளையின் பள்ளிக்கூடம், மண்ணில் புதைத்த பெற்றோர்.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முதியவர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் சொன்னது இது: “தம்பி, எங்க அண்ணன் இந்தியாவுக்கு எழுதினாரு, நான் இலங்கைக்கு எழுதினேன். ரெண்டு பேருக்கும் ஒரே காரணம்தான். புள்ளைங்க.” இந்த இரண்டு வரிகளை விடத் தெளிவாக இந்த விடயத்தைச் சொன்ன ஆய்வுக் கட்டுரை எதையும் நான் வாசிக்கவில்லை. வயது வராத பிள்ளைகள் பெற்றோரின் விண்ணப்பத்திலேயே அடங்கினர். வளர்ந்தவர்கள் தனித்தனியே விண்ணப்பித்தனர். ஒரு குடும்பத்தில் தந்தை இந்தியப் பிரஜை, மகன் இலங்கைப் பிரஜை என்றாகும் விந்தை இவ்வாறுதான் நேர்ந்தது.

இந்தியாவுக்கு விண்ணப்பித்தோர் தொகை 5,25,000ஐ எட்டவேயில்லை. இராஜதந்திரிகள் வியந்ததாகச் சொல்வார்கள். தோட்டங்களை அறிந்தவர்கள் வியந்திருக்க மாட்டார்கள். நிலைமையை மாற்றியது பசி. 1973, 74ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் மலையகத்தில் பட்டினியால் மக்கள் மடிந்தனர். 1977இல் வன்செயல் தோட்டங்களுக்கும் பரவியது. கணக்கின் ஒரு தட்டு இவ்வாறு காலியாகிக்கொண்டிருக்கும்போது, மறுதட்டைச் சீர்தூக்கிப் பார்த்து முடிவெடுத்தார்கள் என்று கூறுவது நியாயமாகாது. ஹட்டன் நிலையத்திலிருந்து புறப்பட்ட அந்தப் புகையிரதத்துக்கு மக்கள் இட்ட பெயர் ‘அழுகைக் கோச்சி’. தலைமன்னாரில் சுங்கப் பரிசோதனை, கடல், மண்டபம் முகாம், அதன்பின் அட்டையில் எழுதியிருந்த ஊர்.

அந்த ஊர் எது என்பதைப் பொறுத்தே செலவு தகுமா தகாதா என்பது அமைந்தது என்பது என் கருத்து. 1968இல் நீலகிரியில் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டத்தில் (இன்றைய டான்டீ) இடம் பெற்றோருக்குத் தெரிந்த தொழில், தெரிந்த குளிர், மாதச் சம்பளம், குடியிருக்க வீடு இருந்தன. கேரளத்தின் புனலூரிலும் கர்நாடகத்தின் சுள்ளியாவிலும் இறப்பர்த் தோட்டங்களுக்குப் போனவர்கள் புதுத் தொழில் பழகி நிலைத்தனர். மலையை விட்டே அறியாதவனுக்கு வரண்ட சமவெளியில் தொழிற்கடன் கொடுத்துக் கடை வைக்கச் சொன்ன இடங்களில்தான் பெரும் தோல்வி. கடன் பணம் சில மாதங்களில் கரைந்தது. கொடைக்கானல் மலைகளில் மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர்களிடம் கொத்தடிமைகளாகச் சிக்கிய குடும்பங்களும் உண்டு. இங்கே ‘கள்ளத்தோணி’ என்று ஏசப்பட்டவர்கள் அங்கே ‘சிலோன்காரர்’ ஆனார்கள்.

போகாதவர்கள் வென்றார்களா என்றால், அதுவும் இல்லை. 1983ஐ அவர்கள் இங்கேதான் கடந்தார்கள்.

ஒரு தரப்பாரை எவரும் அதிகம் எழுதுவதில்லை. உடன்படிக்கையின் காலம் 1981 ஒக்டோபரில் முடிந்தது. போர் மூண்டதும் 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் பெற்று, தட்டுமுட்டுச் சாமான்களை விற்றுவிட்டுக் காத்திருந்த பல்லாயிரம் பேர் தோட்டங்களிலேயே தங்கிப்போயினர். விசாக் காலம் முடிந்தது. பின்னர் கடவுச்சீட்டும் காலாவதியானது. பெயரளவில் இந்தியர், இருப்பதோ இலங்கையில், வாக்கு இரண்டு நாட்டிலும் இல்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே அவர்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை பெற வழி திறந்தது. தந்தையின் விண்ணப்பத்தில் வயது வராத பிள்ளைகளாகப் பதியப்பட்டவர்கள் அப்போது நாற்பது வயதை நெருங்கியிருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பிறந்து தோட்டப் பாடசாலைகளில் படித்துக்கொண்டிருந்தனர். அந்தக் கப்பலில் அவர்களில் ஒருவர்கூட ஏறியதில்லை.