விளக்குத் தோட்டம்

உதைபந்தாட்டத்தில் எனக்கு இருக்கும் ஞானம் வெளியே சொல்லிக்கொள்ளும்படியானதல்ல. 'ஆஃப்சைட்' என்றால் என்ன என்று மூன்று நண்பர்கள் மூன்று சமயங்களில் எனக்கு விளக்கியிருக்கிறார்கள். மூவருக்கும் தலையை ஆட்டினேன். விஷயம் என்னவோ இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால் ஒரு பந்தாட்டக் கிளப்பின் சரித்திரத்தைப் படிக்க ஆட்டம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதை, துருக்கி தேசத்து ஃபெனர்பாஹ்சே கிளப்பைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது தெரிந்துகொண்டேன். அதில் ஸுல்தான் வருகிறார், போலீஸ் வருகிறது, ஆங்கிலேய ஜெனரல் ஒருவர் வெள்ளிக் கோப்பையுடன் வருகிறார், ஒரு செம்படவரின் பிள்ளை வருகிறான். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

முதலில் அந்தப் பெயர். 'ஃபெனர்' என்றால் விளக்கு. 'பாஹ்சே' என்றால் தோட்டம். இஸ்தான்புல் நகரத்தின் ஆசியக் கரையில், மர்மரா கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனைக்கு அந்தப் பெயர். அங்கே ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. அதைச் சுற்றி மஞ்சளும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்த மலர்களைப் பார்த்துத்தான் கிளப்பின் முதல் வர்ணங்களைத் தேர்ந்தெடுத்தார்களாம். பிற்பாடு வெள்ளை போய்க் கருநீலம் வந்தது. மஞ்சள் மட்டும் நிலைத்தது.

கிளப் பிறந்தது 1907-ல். அப்போது ஆண்டுகொண்டிருந்த ஸுல்தான் அப்துல் ஹமீதுக்கு, நாலு பேர் ஓரிடத்தில் கூடினாலே சதி நடப்பதாகத் தோன்றும். பதினொரு பேர் கூடினால் கேட்க வேண்டுமா? அந்த ஊரில் குடியிருந்த ஆங்கிலேயர்களும் கிரேக்கர்களும் தாராளமாகப் பந்தாடினார்கள். துருக்கி வாலிபர்கள் மட்டும் வேலிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான். 1901-ல் ஃபுவாத் ஹுஸ்னு என்ற கடற்படை இளைஞர் சில தோழர்களைச் சேர்த்து, ஒற்றர்களின் கண்ணில் மண்ணைத் தூவுவதற்காக 'கறுப்புக் காலுறைகள்' என்ற அர்த்தத்தில் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டு ஒரு கிரேக்க அணியுடன் மோதினார். ஆட்டத்தில் தோற்றார்கள். அதோடு போயிற்றா? போலீஸ் வந்து சேர்ந்தது, கோஷ்டி கலைந்தது. ஆறு வருஷம் கழித்து ஸியா, அயெதுல்லா, நெஜிப் என்ற மூன்று இளைஞர்கள் மோதா என்ற பேட்டையில் ரகசியமாகவே ஃபெனர்பாஹ்சேயைத் தொடங்கினார்கள். 1908-ல் புரட்சி வந்து ஸுல்தானின் பிடி தளர்ந்த பிறகுதான் பகிரங்கமாகப் பெயரைச் சொல்லிக்கொள்ள முடிந்தது. அவர்கள் ஆடிய மைதானத்தின் பெயர் 'பாதிரியாரின் புல்வெளி'. கிளப்பின் இன்றைய பெரிய ஸ்டேடியம் இருப்பதும் அதே இடத்தில்தான்.

முதல் உலக யுத்தத்தில் துருக்கி தோற்றது. 1918 நவம்பரில் நேச நாட்டுக் கப்பல்கள் வந்து இஸ்தான்புல் துறையில் நங்கூரம் பாய்ச்சின. சொந்த ஊரிலேயே அந்நியச் சிப்பாய்க்கு வழிவிட்டு நடக்க வேண்டிய ஐந்து வருஷங்கள் தொடங்கின. சிப்பாய்களுக்குப் பொழுது போகவில்லை, பந்தாடினார்கள். ஊராருக்கு அவர்களை அடிக்க வேறு வழியில்லை, அவர்களும் பந்தாடினார்கள். கிளப்பின் சொந்தக் கணக்குப்படி, ஆக்கிரமிப்புப் படைகளின் அணிகளோடு ஆடியவை 50 ஆட்டங்கள். அவற்றில் ஜெயித்தவை 41. சொந்தக் கணக்கு என்பதால் வேண்டுமானால் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். ஆனால் கடைசி ஆட்டத்தில் தள்ளுபடிக்கு இடமில்லை.

ஆங்கிலப் படைத்தலைவர் ஜெனரல் ஹாரிங்டன். மூட்டை கட்டிப் புறப்படும் காலம் நெருங்கிவிட்டது. போவதற்கு முன் ஒரு வெற்றியாவது வேண்டாமா? தம் பெயரிலேயே ஒரு பெரிய வெள்ளிக் கோப்பை செய்வித்து, படைகளிலிருந்து பொறுக்கியெடுத்த ஆட்டக்காரர்களைக் களத்தில் இறக்கினார். 1923 ஜூன் 29-ந் தேதி தக்ஸிம் படைவீட்டு மைதானத்தில் ஆட்டம். பாதி ஆட்டம் வரை ஆங்கிலேயர் ஒரு கோல் முன்னணி. கூடியிருந்த ஜனங்களின் நெஞ்சு எப்படி இருந்திருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன். பிறகு ஸெகி ரிஸா என்பவர் ஒரு கோல் போட்டார். இன்னொன்றும் அவரே போட்டார். 2-1. ஜெனரலின் கோப்பை ஃபெனர்பாஹ்சேக்குப் போயிற்று. இதைப் படித்தபோது எனக்குக் கல்கத்தா ஞாபகம் வந்தது. 1911 ஜூலை 29-ந் தேதி, நம் மோகன் பகான் அணி பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி ஆங்கிலப் பட்டாளத்து அணியை வென்றதும் இதே 2-1 கணக்கில்தான். தேதிகூட 29! தற்செயல்தான், ஆனால் நாவலில் எழுதினால் நம்பமாட்டார்கள்.

ஒரு மாதம் ஆவதற்குள் லொஸான் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அக்டோபரில் அந்நியப் படைகள் ஊரைவிட்டுப் போயின. அதே மாதத்தில் புதிய துருக்கியின் தேசிய அணி ருமேனியாவுடன் தன் முதல் ஆட்டத்தை ஆடியது. 2-2. துருக்கியின் இரண்டு கோல்களும் ஸெகி ரிஸா போட்டவை. 1934-ல் எல்லோரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தபோது, அந்த மனிதர் 'ஸ்போர்' என்ற சொல்லிலேயே தொடங்கும் 'ஸ்போரெல்' என்ற பெயரைச் சூட்டிக்கொண்டார். வேறு எதை வைத்துக்கொள்வார்!

வரிசைப்படி போனால் இங்கே லெஃப்டர் வர வேண்டும். அவரைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, கிளப்பின் அதிர்ஷ்டம் துரதிர்ஷ்டம் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1959-ல் தேசிய லீக் தொடங்கியதும், பரம வைரியான கலாத்தாசராயை இறுதிப் போட்டியில் வென்று முதல் பட்டம் பெற்றது ஃபெனர்பாஹ்சேதான். அதன்பின் பட்டங்கள் வந்தன. வந்துகொண்டிருந்தவை சில சமயம் வாசலோடு திரும்பியும் போயின. 2010-ல் நடந்தது வேடிக்கையா, விபரீதமா என்று சொல்லத் தெரியவில்லை. கடைசி நாள், ட்ராப்ஸோனுடன் ஆட்டம் 1-1. வேறோர் ஊரில் போட்டியாளரான புர்ஸா அணியின் ஆட்டமும் சமமாக முடிந்துவிட்டது என்று ஒலிபெருக்கியில் யாரோ அறிவித்துவிட்டார். ஜனங்கள் மைதானத்தில் இறங்கி ஆடிப் பாடினார்கள். சற்று நேரத்தில் உண்மை வந்து சேர்ந்தது. புர்ஸா ஜெயித்திருந்தது, பட்டம் அவர்களுடையது. கூத்தாடியவர்கள் நாற்காலிகளுக்குத் தீ வைத்தார்கள்.

மறு வருஷம் ஆட்டங்களை முன்கூட்டியே பேரம் பேசி முடித்ததாகப் பெரிய வழக்கு வந்து, கிளப்பின் தலைவர் ஒரு வருஷம் சிறையில் இருந்தார். பின்னால் மறுவிசாரணையில் விடுதலையானார். அந்த அமளிக்கு நடுவில், ரசிகர்களின் கலாட்டாவுக்குத் தண்டனையாக ஓர் ஆட்டத்தை ஆளில்லாமல் நடத்த வேண்டியிருந்தது. அதற்குப் பதில் ஆண்களை வெளியே நிறுத்திவிட்டு, பெண்களையும் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் இலவசமாக உள்ளே விட்டார்கள். 2011 செப்டம்பர் 20-ந் தேதி நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து நிறைந்தார்கள். ஆட்டக்காரர்கள் அவர்களுக்குப் பூக்களை வீசினார்கள். தண்டனை என்று இதைச் சொன்னால் யார்தான் வேண்டாமென்பார்கள்? அந்த வழக்கின் பிறகு 2014-ல் ஒரு பட்டம்; அப்புறம் பத்து வருஷத்துக்கு ஒன்றுமில்லை. 2024-ல் 38 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில் தோற்று 99 புள்ளிகள் எடுத்தார்கள். கலாத்தாசராய் எடுத்தது 102.

இனி லெஃப்டர். 1925-ல், இஸ்தான்புலுக்கு எதிரே கடலில் இருக்கும் 'பெரிய தீவில்' ஒரு கிரேக்கச் செம்படவர் வீட்டில் பிறந்தவர். முழுப்பெயர் லெஃப்டர் கூச்சுக்அந்தோனியாதிஸ். 'அந்தோனியாதிஸ்' கிரேக்கப் பெயர். முன்னால் ஒட்டியிருக்கும் 'கூச்சுக்', 'சின்ன' என்று பொருள்படும் துருக்கிச் சொல். இரண்டு ஜாதிக்கும் நடுவே அந்தப் பெயரே ஒரு பாலம் போட்டுக்கொண்டு நிற்கிறது.

அவர் பையனாக இருந்த காலத்தில் கிளப்பின் தலைவர் ஷுக்ரு சராஜோக்லு; 1934 முதல் 1950 வரை அவர்தான். 1942-ல் அவர் துருக்கியின் பிரதம மந்திரியும் ஆனார். அந்த வருஷம் நவம்பரில் அவருடைய சர்க்கார் சொத்துவரி ஒன்று போட்டது. சட்டத்தில் எல்லோருக்கும் பொது; வசூலில் கிரேக்கர், ஆர்மீனியர், யூதர் தலையிலேதான் விழுந்தது. கட்ட முடியாதவர்களை அஷ்காலே என்ற குளிர்ப் பிரதேசத்துக்கு அனுப்பிக் கல்லுடைக்க வைத்தார்கள். 1944-ல் வரி ரத்தாயிற்று. போன கடைகளும் வீடுகளும் திரும்பவில்லை.

1947-ல் லெஃப்டர் ஃபெனர்பாஹ்சேயில் சேர்ந்தார். அவர் பெயருக்குத் துருக்கி மொழியில் 'குறிப்பேடு' என்னும் சொல் எதுகையாக அமைந்தது. பந்து அவரிடம் போனாலே கோல் கணக்கில் எழுதிவிடலாம் என்று ரசிகர்கள் கோஷமிட்டார்கள். 'பேராசிரியர்' என்ற பொருளில் பட்டமும் கொடுத்தார்கள். கிளப்புக்காக 615 ஆட்டங்களில் 423 கோல்கள் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 1948-ல் ஏதென்ஸ் நகரத்திலேயே கிரேக்க அணிக்கு எதிராகத் துருக்கிக்காக ஆடிக் கோல் போட்டார். அங்கிருந்த கிரேக்கர்கள் அவரைத் துருக்கியன் என்று ஏசினார்கள்.

1955 செப்டம்பர் 6-ந் தேதி இரவு, சைப்ரஸ் தகராறும் ஒரு வதந்தியும் சேர்ந்து இஸ்தான்புலில் கும்பல்களைக் கிளப்பிவிட்டன. கிரேக்கர்களின் கடைகளும் வீடுகளும் கோயில்களும் ஆயிரக்கணக்கில் நொறுங்கின. பெரிய தீவில் லெஃப்டரின் வீட்டின்மேலும் கற்கள் விழுந்தன. உள்ளே மனைவியும் சின்னஞ்சிறு பெண்களும். விடியும்வரை காவல் இருந்தார். எறிந்தவர்கள் யார் என்று பிற்பாடு கேட்டபோது, தெரிந்திருந்தும் அவர் பெயர் சொல்லவில்லை என்கிறார்கள். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய கைகளும் அந்தக் கும்பலில் இருந்திருக்கக்கூடும். என்னைப் போன்ற ஆசாமியாக இருந்தால் மறுநாளே கப்பல் ஏறியிருப்பேன். அவர் ஐந்து மாதம் கழித்து, 1956 பிப்ரவரியில், உலகமே நடுங்கிய ஹங்கேரி அணிக்கு எதிராகத் துருக்கிச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கினார். துருக்கி 3-1 என்று ஜெயித்தது. மூன்றில் இரண்டு லெஃப்டருடையவை.

1964-ல் ஃபெனர்பாஹ்சேயை விட்டு, ஏதென்ஸில் ஏ.இ.கே. என்ற அணியில் கொஞ்ச நாள் ஆடினார். இஸ்தான்புலிலிருந்து அகதிகளாகப் போனவர்கள் 1924-ல் தொடங்கிய கிளப் அது. அங்கேயே தங்கிவிட அதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது. அவரோ தீவுக்கே திரும்பிவிட்டார். சுற்றியிருந்த கிரேக்கக் குடும்பங்கள் ஒவ்வொன்றாய்ப் புறப்பட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே கிழவரானார்.

2012 ஜனவரி 13-ந் தேதி காலமானார். சவப்பெட்டியை முதலில் பாதிரியாரின் புல்வெளிக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஸ்டேடியத்துக்கு 1998-ல் ஷுக்ரு சராஜோக்லுவின் பெயரை வைத்திருந்தார்கள். மஞ்சளும் நீலமுமாக ஜனங்கள் கூடியிருந்தார்கள். பிறகு அவரைத் தீவுக்குக் கொண்டுபோய், கிரேக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.