கபடியில் இருபுறமும் பாடும் முறை

கபடியில் பாடிச்செல்லும் வீரர் (ரெய்டர்) ஒரே மூலையைக் குறிவைத்து முட்டாமல், இடம் வலம் இரண்டிலும் நகர்ந்து எதிரணியின் தடுப்பைக் கலைத்து, திறந்த இடத்தில் தொட்டுத் திரும்பும் ஆட்டமுறை இது. சடுகுடு என்ற பழைய பெயரோடு தமிழக ஊர்களில் வளர்ந்த ஆட்டத்தில் இந்த நுட்பம் பெரும்பாலும் கண்ணால் பார்த்தே கற்கப்பட்டது.

ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் கோடு. அதற்கு அப்பால் 1 மீட்டரில் போனஸ் கோடு. யாரையும் தொடாதவர் பாக் கோட்டையாவது கடந்துவிட்டே திரும்ப வேண்டும். இத்தனைக்கும் அவருக்கு உள்ள நேரம் 30 விநாடி, ஒரே மூச்சு.

எதிரே ஏழு பேர். ஓரங்களில் இரண்டு கார்னர், அவர்களை அடுத்து 'இன்' இருவர், பிறகு கவர் இருவர், நடுவில் ஒருவர். இரண்டிரண்டு பேராகக் கைகோத்து நிற்பார்கள். ரெய்டர் இடப்புறம் நெருங்கினால் அந்தப் பக்கத்துக் கார்னர் பின்வாங்கி அவரை உள்ளே இழுப்பார். மறுபக்கத்து வீரர்கள் முன்னேறி, அவர் நடுக்கோட்டுக்குத் திரும்பும் வழியை அடைக்கப் பார்ப்பார்கள். அவர்கள் முன்னேறிய அந்த நொடியில்தான் வலப்புறம் இடைவெளி விழும். ஒரு காலை ஊன்றி அங்கே திரும்பக்கூடியவருக்குப் புள்ளி கிடைக்கும். திரும்பத் தெரியாதவர் கார்னரின் கணுக்கால் பிடியில் மாட்டுவார். எந்தப் பக்கம் தொடுவது என்பதைக் களத்துக்குள் நுழையும் முன்பே முடிவுசெய்துவிடுவதுதான் இளம் ரெய்டர்கள் செய்யும் பெரிய பிழை.

களத்தின் இரு ஓரங்களிலும் உள்ள ஒரு மீட்டர் பட்டை லாபி. தொடுவதற்கு முன் அதில் கால் வைத்தால் ஆட்டமிழப்பு. தொட்டபின் லாபியும் களமாகிவிடும். ஆகவே ஓரத்தில் தொட்டவருக்குத் தப்பிக்க ஒரு மீட்டர் கூடுதலாகக் கிடைக்கிறது.

அணி அளவிலும் இந்தச் சமநிலை தேவைப்படுகிறது. ரெய்டர்கள் அனைவரும் ஒரே பக்கமாகப் பாடினால் எதிரணி தன் பலத்தை அந்த மூலையில் குவித்துவிடும். ஓர் அணியின் ரெய்டர்கள் தொடர்ந்து இரண்டு முறை புள்ளியின்றித் திரும்பினால், புரோ கபடி லீக் விதிப்படி மூன்றாவது ரெய்டில் செல்பவர் புள்ளி எடுத்தாக வேண்டும்; இல்லையேல் வெளியேற வேண்டும். அந்த நெருக்கடியில் மறுபக்கம் பாடக்கூடிய ஒருவர் அணியில் இருப்பதன் அருமை தெரியும்.

அமெரிக்கக் கால்பந்தில் இதற்கு நெருங்கிய உறவு ஒன்று உண்டு. அங்கே முன்வரிசை வீரர்கள் ஆளுக்கு ஆள் மோதாமல், எல்லோரும் ஒரே திசையில் நகர்ந்து தத்தம் பகுதியைக் காப்பார்கள்; பந்தோடு ஓடுபவர் திறக்கும் இடைவெளியைப் பார்த்து ஒரே வெட்டில் திரும்பிப் பாய்வார். 1990களில் டென்வர் பிராங்கோஸ் அணியில் பயிற்சியாளர் அலெக்ஸ் கிப்ஸ் இதைச் செம்மையாக்கினார். வீரர் தேர்வின் ஆறாவது சுற்றில்தான் எடுக்கப்பட்ட அந்த அணியின் ஓட்டக்காரர் டெரல் டேவிஸ் 1998இல் 2,008 கெஜம் ஓடியது இம்முறையின் பெரிய வெற்றி. ஆனால் அங்கே ஓடுபவருக்கு வழி திறக்கப் பத்துப் பேர் துணை. கபடியில் ரெய்டர் தனியாள். வழியைத் தன் காலாலேயே திறக்க வேண்டும். இதைவிடக் கடினமான வேலை எந்தக் குழு ஆட்டத்திலும் இல்லை என்றே சொல்லலாம்.

மீண்டும் கபடிக்கு வந்தால், ஒருவரையே நம்பாத ரெய்டுக்குப் புரோ கபடி லீக்கின் தமிழ் தலைவாஸ் அணியின் 2022ஆம் ஆண்டு ஆட்டம் நல்ல சான்று. பெருந்தொகைக்கு வாங்கிய பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே காயமடைந்து வெளியேறினார். நரேந்தர், அஜிங்கியா பவார் போன்றோர் சுமையைப் பகிர்ந்துகொண்டார்கள். நரேந்தர் மட்டும் 200க்கு மேற்பட்ட ரெய்டு புள்ளிகள் எடுத்தார். அணி முதல்முறையாக அரையிறுதிக்குச் சென்றது.

திருமயம் உள்ளிட்ட புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களில் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் மின்னொளிக் கபடி நடக்கிறது. ஆட்டம் பெரும்பாலும் மண்ணில். பெரிய போட்டிகளோ மெத்தையில். வெறுங்காலில் மண்ணில் சறுக்கித் திரும்பிப் பழகியவருக்கு, காலணியோடு மெத்தையில் திரும்புவது புதுப் பாடம். ஊர் அணிகளுக்குப் பயிற்சி தருபவர்கள், வலப்பக்கமே பாடிப் பழகிய பிள்ளையைச் சிறு வயதிலேயே இடப்பக்கமும் பாடவிட வேண்டும். வயது கூடிய பிறகு அந்தப் பழக்கம் எளிதில் மாறாது.