மூசையிலிட்ட வரலாறு: ஆர்தர் மில்லரின் நாடகமும் உயர்வகுப்பு ஆங்கிலக் கல்வியும்

ஆர்தர் மில்லரின் 'தி குரூசிபிள்' 1953 சனவரியில் நியூயோர்க்கில் முதன்முதல் மேடையேறியது. உலோகத்தை உருக்கும் மூசை என்பதே அத்தலைப்பின் பொருள். ஐக்கிய அமெரிக்காவின் உயர்வகுப்புகளில் ஆங்கிலப் பாடநூலாக நெடுங்காலம் பயிலப்பட்டுவரும் இந்நாடகத்தின் தகுதியை அதன் மொழிநயங்கொண்டு மாத்திரம் அளவிடுதல் போதாது. வரலாற்று ஆவணங்களோடு ஒப்புநோக்குமிடத்தே அதன் முழுப்பயனும் புலனாகும்.

நாடகத்தின் களம், 1692இல் ஆங்கிலேயக் குடியேற்றமாயிருந்த மசசூசெற்சின் சேலம் ஆகும். சூனியக் குற்றச்சாட்டின் பேரில் அங்கு 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். விசாரணைக்கு உடன்பட மறுத்த கைல்ஸ் கோரி பாரமேற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார். குற்றஞ்சாட்டப்பட்டவரின் ஆவியுரு தம்மை வருத்துவதாகச் சிறுமியர் முதலானோர் கூறியதை நீதிமன்றம் சான்றாக ஏற்றது. பிறர் காணவியலாத ஒன்றைப் பொய்யென நிறுவுதல் எங்ஙனம்? குற்றத்தை ஒப்புக்கொண்டு அதில் நிலைத்தோர் தூக்குக்குத் தப்பினர். மறுத்து நின்றோரே மாண்டனர்.

இந்நிகழ்வுகளை மில்லர் நாடகமாக்கிய காலம், அமெரிக்காவில் பொதுவுடைமையாளரெனச் சந்தேகிக்கப்பட்டோர் வேட்டையாடப்பட்ட காலமாகும். பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழு, அழைக்கப்பட்டோரிடம் அவர்தம் தோழர்களின் பெயர்களையும் கோரியது. நாடகத்தில் ஜோன் புரொக்டர் பிறர் பெயரைச் சொல்ல மறுத்து, தன் ஒப்புதலையும் கிழித்தெறிந்து சாவை ஏற்கின்றான். 1956இல் அதே குழுவின்முன் நின்ற மில்லரும் பிறர் பெயரைக் கூற மறுத்தார். 1957இல் அவமதிப்புக் குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்டார். 1958இல் மேன்முறையீட்டில் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது.

எனினும், நாடகம் வரலாறன்று. மெய்யான புரொக்டர் அறுபது வயதளவினர். அபிகேல் வில்லியம்ஸ் பன்னிரண்டு வயதளவான சிறுமி. அவ்விருவரிடையே காதலுறவு இருந்தமைக்குச் சான்றில்லை. மில்லரின் மாற்றத்தை அப்படியே நம்பும் மாணவன், ஒரு பெண்ணின் வேட்கையே பேரழிவின் காரணமென எண்ணக்கூடும். எல்லைப்புறப் போரச்சம், ஊர்ப்பகை, மதகுரு பற்றிய பிணக்கு ஆகியன அவன் கண்ணுக்கு மறைந்துவிடும்.

அவ்வாறாயின் இதனை வரலாற்று வகுப்புக்கே விட்டுவிடலாமே என்பர் சிலர். ஆனால் சேலத்தில் கொலைக்கருவியாயமைந்தது மொழியே. எஞ்சியுள்ள விசாரணைப் பதிவுகளில், பிள்ளைகளைத் துன்புறுத்தினாயா என்று வினவாது, ஏன் துன்புறுத்துகின்றாய் என்றே வினவுகின்றான் நீதிபதி. வினாவிலேயே தீர்ப்பு அடங்கிவிடுகின்றது. இதனை இனங்காணும் பயிற்சி மொழி வகுப்புக்கே உரியது. நாடகத்தையும் பதிவுகளையும் அருகருகே வைத்துக் கற்பிப்பதே தக்க முறையாகும்.

சேலத்தில் தண்டனை விதிக்கப்பட்டும் உயிர்தப்பிய எலிசபெத் ஜோன்சனின் பெயர் 2022இலேயே சட்டத்தால் குற்றநீக்கம் பெற்றது. அதற்கு முயன்றோர் மசசூசெற்சின் பாடசாலை மாணவர்களே. பழைய ஆவணமொன்றை வினவக் கற்ற வகுப்பறை, முந்நூறு ஆண்டு கடந்தும் ஓர் அநீதியைத் திருத்தவல்லது.