கஞ்சியும் பயிற்சியும்: பக்கவாதத்திலிருந்து மீளும் முதியோருக்கு ஊட்டமும் சிகிச்சையே

பக்கவாதம் கண்ட முதியவர் வீடு திரும்பியதும் இரண்டு ஏற்பாடுகள் தொடங்குகின்றன. கை காலுக்குப் பயிற்சி தர இயன்முறை மருத்துவர் வருகிறார். அடுப்பில் கஞ்சி கொதிக்கிறது. முன்னதைச் சிகிச்சை என்கிறோம். பின்னதைக் குடும்பத்தின் பொறுப்பாக விட்டுவிடுகிறோம். இந்தப் பிரிவினை மீட்சிக்குத் தடை என்பதும், ஊட்டத்தைப் பயிற்சியோடு சேர்த்தே திட்டமிட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

செயலிழந்த பக்கத்தில் தசை மெலிகிறது. படுக்கையில் கிடப்பதால் மறுபக்கமும் தளர்கிறது. முதிய தசைக்குப் புரதத்தைக் கொண்டு தன்னைக் கட்டிக்கொள்ளும் திறன் குறைவு. ஆகவே முதியோருக்குப் புரதம் கூடுதலாகத் தேவை. 2013இல் வெளியான 'புரோட்-ஏஜ்' நிபுணர் குழுவின் பரிந்துரைப்படி, நோயுற்ற முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். கடுமையான சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் விலக்கு. 50 கிலோ எடையுள்ளவருக்கு இது 60 முதல் 75 கிராம். ஒரு குவளை நீர்த்த அரிசிக் கஞ்சியில் கிடைப்பது ஓரிரு கிராமே.

கஞ்சியில் வேறோர் ஆபத்தும் உண்டு. பக்கவாதம் தொண்டைத் தசைகளையும் தாக்கலாம். அப்போது நீர்த்த உணவு, விழுங்கும் அசைவை முந்திக்கொண்டு மூச்சுக்குழலில் இறங்கி நிமோனியாவை உண்டாக்கக்கூடும். சிலருக்கு இருமல்கூட எழாது. எளிதில் இறங்கும் என்று நம்பிக் கொடுப்பதே தீங்காக முடிகிறது. எனவே எதை, எந்தப் பதத்தில் தருவது என்பதை விழுங்கும் திறனைச் சோதித்தே முடிவுசெய்ய வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்து 2011இல் வெளியான 'க்யூஏஎஸ்சி' ஆய்வில், காய்ச்சல், சர்க்கரை, விழுங்கல் மூன்றையும் செவிலியர் முறையாகக் கவனித்த பிரிவுகளில் 90 நாட்களில் இறந்தோர் அல்லது பிறரைச் சார்ந்தோர் 42 விழுக்காடு, மற்றவற்றில் 58.

இதற்கு மறுப்பாக 2005இல் வெளியான 'ஃபுட்' ஆய்வைக் காட்டலாம். விழுங்கக்கூடிய 4,023 நோயாளிகள் பங்கேற்ற அதில், வழக்கமான உணவோடு ஊட்டபானமும் தந்ததால் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. ஆனால் அவர்களில் ஊட்டக்குறைவு உடையோர் 8 விழுக்காடே. எல்லோருக்கும் ஒரே பானத்தைத் தருவது வீண் என்பதையே அது காட்டுகிறது; மெலிந்தவரைக் கண்டறிந்து ஊட்டுவது வீண் என்று அது நிறுவவில்லை.

பயிற்சியை மட்டும் வீட்டாரிடம் ஒப்படைத்தால் போதுமா? இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் நடந்து 2017இல் வெளியான 'அட்டெண்ட்' ஆய்வில், குடும்பத்தாருக்குப் பயிற்சிமுறை கற்பித்த குழுவிலும் கற்பிக்காத குழுவிலும் ஆறு மாதத்தில் இறந்தோர் அல்லது சார்ந்தோர் 47 விழுக்காடு. உணவு அத்திட்டத்தின் மையக் கூறாக இல்லை. வேறுபாடு தெரியாததற்கு அதுவே காரணம் என்று கூற முடியாது. ஆனால் அன்பும் உழைப்பும் மட்டும் போதா, அவற்றுக்குத் துறைசார்ந்த துணை வேண்டும் என்ற பாடம் தெளிவானது.

அத்துணைக்கான வழி தமிழ்நாட்டில் ஏற்கெனவே திறந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவம் வீட்டுக்கே வருகிறது. அந்த வருகையின்போதே எடை பார்க்கலாம். விழுங்கும்போது இருமுகிறாரா, குரல் கரகரக்கிறதா என்று கவனிக்கலாம். ஐயமிருந்தால் உரிய சோதனைக்கு அனுப்பலாம். சோதனைக்குப் பின், ஏற்ற பதத்தில் குழைத்த பருப்பு, முட்டை, தயிர், மீன் ஆகியவற்றை மூன்று வேளைக்கும் பங்கிட்டுச் சொல்லித் தரலாம். எழுந்து நிற்கச் சொல்லும் நாம், நிற்பதற்கான தசைக்கும் உணவு தரக் கடமைப்பட்டவர்கள்.