கன்றின் தந்தை யார்?

தாதரிலிருந்து தெற்கு நோக்கி நடப்பவர் சிறிது நேரத்தில் பரேலை அடைந்துவிடுவர். 1886-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கே இருக்கிறது, கே.இ.எம். மருத்துவமனையும் அதற்கு அண்மையிலேயே இருக்கிறது. மாட்டுக்கும் மனிதனுக்கும் உரிய இவ்விரு நிலையங்களும் அருகருகே அமைந்தது தற்செயலே. ஆயினும் நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு அது நன்கு பொருந்துகிறது.

கன்றை ஈன்ற பசு எது என்பதில் பெரும்பாலும் ஐயம் எழுவதில்லை. தந்தை எது என்பதே வழக்கு. நம் ஊர்களில் பொலிகாளை ஊருக்குப் பொதுவாக இருந்தது. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளையும் மந்தையில் தன் விருப்பம்போல் திரிந்தது. கன்றின் நிறம், திமில், சுழி ஆகியவற்றைப் பார்த்து, இன்ன காளைக்குப் பிறந்தது என்று பெரியவர்கள் தீர்ப்புக் கூறுவர். ஏருக்கும் வண்டிக்கும் மாடு வேண்டியவர்க்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இறைச்சிக்கென மாடு வளர்க்கும் நாடுகளில் அது போதாது. நம் நெல்லூர், ஓங்கோல் பகுதிகளிலிருந்து கடல் கடந்து சென்ற மாடுகளின் வழிவந்த நெலோர் இனமே இன்று பிரேசில் நாட்டின் இறைச்சி மாடுகளில் மிகுதி. அங்கே பரந்த புல்வெளியில் ஒரே மந்தையுடன் பல காளைகளை விடுவதுண்டு. எந்தக் காளையின் கன்றுகள் விரைவில் எடை கூடுகின்றன என்று அறியாமல் நல்ல காளையைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம்? பதிவேட்டில் ஒரு பெயர் பிழைபட்டால் அப்பிழை தலைமுறைதோறும் தொடரும். நட்டம் காளையை விலை கொடுத்து வாங்கியவனுக்கு.

1940-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் இதற்கு இரத்தத்தைச் சாட்சியாக அழைத்தனர். மனிதருக்கு இரத்த வகைகள் இருப்பதுபோல மாட்டுக்கும் உண்டு. அவற்றைப் 11 தொகுதிகளாகப் பிரிப்பர். அவற்றுள் ஒன்றில் மட்டுமே நூற்றுக்கணக்கான வேறுபாடுகள் உள்ளன. சோதனையின் விதி எளியது. கன்றின் இரத்தத்தில் காணும் ஒவ்வோர் அடையாளமும் தாயிடமோ தந்தையிடமோ இருத்தல் வேண்டும். தாயிடமும் இல்லை, தந்தை எனப்படும் காளையிடமும் இல்லை என்றால் அக்காளை தந்தையன்று. இச்சாட்சி 'இது அன்று' என்று கூறுமேயன்றி, 'இதுவே' என்று ஆணையிட்டுக் கூறாது.

அங்கே பணியாற்றிய ரே ஓவன், பால்பண்ணையில் பிறந்து வளர்ந்தவர். அவரிடம் ஒரு விந்தையான வழக்கு வந்தது. கெர்ன்சி இனப் பசு ஒன்று இரட்டைக் கன்று ஈன்றது. ஒரு கன்றின் தந்தை கெர்ன்சிக் காளை. மற்றதன் தந்தை ஹெரிபோர்டு என்னும் இறைச்சியினக் காளை. இரத்தத்தைச் சோதித்தால், இரு கன்றுகளிடமும் இரு காளைகளின் அடையாளங்களும் இருந்தன! ஒரு கன்றுக்கு இரு தந்தையர் இருக்க இயலுமா? கருப்பையில் இரட்டையரின் இரத்தக் குழாய்கள் இணைந்து, இரத்தத்தை உண்டாக்கும் உயிரணுக்களே இடம் மாறிக் குடியேறிவிட்டன என்று 1945-இல் ஓவன் விளக்கினார். பிறருடைய அணுக்களை உடல் ஏற்பது எவ்வாறு என்ற ஆராய்ச்சி இதிலிருந்து வளர்ந்தது. அத்துறைக்காகப் பர்னெட், மெடவார் இருவரும் 1960-இல் நோபல் பரிசு பெற்றனர். மாட்டுப் பதிவேட்டின் ஓர் ஐயம் மனிதருக்கு உறுப்பு மாற்றும் மருத்துவம் வரை சென்றது வியப்பன்றோ!

பரேலும் இத்தகைய ஒரு செய்தியை உலகுக்குத் தந்தது. 1952-இல் கே.இ.எம். மருத்துவமனையைச் சார்ந்த டாக்டர் பெண்டேயும் அவருடைய துணைவர்களும், ஏ, பி, ஓ ஆகிய எவ்வகையிலும் அடங்காத இரத்தம் ஒன்றை 'லான்செட்' இதழில் அறிவித்தனர். ஏ, பி அடையாளங்கள் எழுவதற்கு 'ஹெச்' என்னும் அடித்தளம் வேண்டும். அது ஓ வகையினரிடமும் உண்டு. இவர்களிடம் அதுவே இல்லை. நகரின் பெயர் 1995-இல் மும்பை என்று மாறிய பின்னும் அவ்வகை 'பம்பாய் இரத்தம்' என்றே வழங்குகிறது. இவ்வகையினர் சாதாரணச் சோதனையில் ஓ போலத் தோன்றுவர். ஆயின் வெளிப்படாத ஏ அல்லது பி மரபைப் பிள்ளைக்கு வழங்கக்கூடும். 1955-இல் அமெரிக்காவில் ஒரு தாயிடம் இவ்வாறே மறைந்திருந்த பி மகளிடம் வெளிப்பட்டது. பழைய விதியை மட்டும் நம்பியிருந்தால் பெற்ற தாயே தாயல்லள் என்றாகியிருக்கும்!

இரத்தத்தில் தெரிவது மரபணுவின் விளைவேயன்றி மரபணு அன்று என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் புலப்படுத்தின. 1984-இல் இங்கிலாந்தில் அலெக் ஜெப்ரீஸ் டி.என்.ஏ. அடையாள முறையைக் கண்டபின், மரபணுப் பொருளையே நேரில் படிக்க வழி பிறந்தது. 1990-ஆம் ஆண்டுகளிலிருந்து இம்முறை மாட்டினங்களில் இரத்த வகைச் சோதனையின் இடத்தைப் பிடித்தது. இன்று நம் நாட்டிலும் உறைவிந்துக்காகத் தெரிவு செய்யும் காளைகளின் பெற்றோரை இவ்வாறு சோதிக்கின்றனர்.

எனினும் ஓவனின் இரட்டைக் கன்றுகள் இன்றும் சோதனைச்சாலையை எச்சரிக்கின்றன. இரட்டைப் பிறப்பான மாட்டின் இரத்தத்தில் உடன்பிறப்பின் அணுக்களும் கலந்திருக்கக் கூடுமாதலால், அத்தகைய மாட்டுக்கு இரத்தத்தை விடுத்து, வால்குஞ்சத்திலிருந்து வேரோடு பிடுங்கிய மயிரையே சோதனைக்குக் கேட்கின்றனர்.