முரணைப் பயிற்றுதல்: சமஸ்யை மரபும் கல்லூரித் தமிழ் வகுப்பும்

தமிழ் இலக்கணத்தில் முரண் இரண்டு இடங்களில் பேசப்படுகிறது. தொல்காப்பியச் செய்யுளியலும் யாப்பருங்கலக்காரிகையும் அதனைத் தொடையாகக் கொள்ள, தண்டியலங்காரம் விரோதம் என்னும் அணியாகக் கொள்கிறது. இரவும் பகலும் அடிகளின் முதலில் நின்றாலே முரண்தொடை அமைந்துவிடும். அவ்விரண்டும் ஒரு பொருளின்கண் ஒருங்கே உண்மையாகும்போதுதான் கவிதைக்குரிய முரண் பிறக்கிறது. இன்றைய வகுப்பறை முன்னதை அடையாளங்காணக் கற்பிக்கிறது. பின்னதை இயற்றக் கற்பிப்பது அரிது.

இயற்றும் பயிற்சி தமிழில் இருந்தது. பொருந்தாத கருத்தொன்றையோ ஈற்றடியையோ கொடுத்து, அது பொருந்துமாறு செய்யுளை முடிக்கச் சொல்வது சமஸ்யை. ஈ அமர மலை அசையுமாறு பாடவேண்டும் என்று காளமேகத்திடம் கேட்கப்பட்டதாகத் தனிப்பாடல் மரபு கூறும். அவர் ஈயைப் பெரிதாக்கவில்லை, மலையைச் சிறிதாக்கவுமில்லை. ஆய்ச்சி மத்தால் அடித்த புண் திருமாலின் மேனியில் இருக்கிறது. அதில் ஈ மொய்த்தபோது மேருவும் கடலும் நிலமும் அசைந்தன என்று முடித்தார். உலகைத் தன்னுள் கொண்டவனுக்கு வலித்தால் உலகம் நடுங்கத்தானே வேண்டும்? நிகழ்ச்சி வரலாறா என்பது வேறு வினா. முரணை அணிகலனாகக் கருதாமல் விடுவிக்கவேண்டிய சிக்கலாகக் கண்ட பயிற்சிமுறைக்கு அவ்வெண்பா சான்றாகிறது.

கற்பிப்பவரே இயற்றுபவராகவும் விளங்கிய நிலை கல்லூரிக் கல்வியின் தொடக்கத்திலும் தொடர்ந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்த பரிதிமாற் கலைஞர் (1870–1903) நாடகவியல் என்னும் இலக்கணம் செய்ததோடு நாடகங்களும் தனிப்பாசுரங்களும் படைத்தார். அக்கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. இலக்கணமும் இயற்றலும் பிரிந்தமைக்குத் தேர்வுமுறையே பெருங்காரணம் எனத் தோன்றுகிறது. தொடையைச் சுட்டிப் பெயரிடும் விடைக்கு மதிப்பெண் இடுவது எளிது.

வகுப்பில் மறைந்த சமஸ்யை திரைப்பாடலில் வேறுருவில் வாழ்ந்தது. ஈற்றடிக்கு மாற்றாக மெட்டும் கதைச்சூழலும் பாடலாசிரியருக்குத் தரப்பட்டன. ‘பலே பாண்டியா’ (1962) படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய காய்ப்பாடலில் ‘காய்’ பெயராகவும் வினையாகவும் நிற்கிறது. இது சிலேடையே, முரணன்று. எனினும் இரு பொருளை ஒரு சொல்லில் நிறுத்தும் திறனுக்கு மாணவர் செவிவழி அறிந்த எடுத்துக்காட்டு இதுவாதலின், பயிற்சியை இங்கிருந்து தொடங்கலாம்.

அடுத்த படிக்கு ஊரே பொருள் தரும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரையும் வரதராசபுரத்தையும் மூழ்கடித்தது. 2019 கோடையில் சென்னையும் புறநகரும் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றன. மூழ்கிய ஊர் தாகத்தில் நின்றது என்பதை ஈற்றடியாகக் கொடுத்தால், வெள்ளத்தையும் வறட்சியையும் எதிரெதிரே அடுக்குவதோடு மாணவர் நிறுத்தமுடியாது. இரண்டையும் உண்மையாக்கும் அந்த ஈயை, அந்தப் புண்ணை, ஏரிகளும் வாய்க்கால்களும் மனைகளான வழியில் அவர் தேடவேண்டியிருக்கும்.