முட்டைக்கோசும் டர்னிப்பும்



கேமரன் மலையிலிருந்து வரும் முட்டைக்கோஸ் நம் வீட்டுச் சமையலில் பழகிய பொருள். டர்னிப் அப்படியல்ல. நம் சந்தைகளில் செங்குவாங்கைச் சிலர் டர்னிப் என்பதுண்டு. நாம் பேசப்போவது அதைப் பற்றியன்று. குளிர்நாடுகளில் விளையும், கடுகுக் குடும்பத்துக் கிழங்கு இது. தோற்றத்தில் சற்றும் ஒவ்வாத இவ்விரண்டும் ஒரே மூதாதையின் வழிவந்தவை. அந்த மூதாதையைக் கண்டவர் யாருமில்லை. அப்படியானால், பிரிந்த பின் நடந்ததை எவ்வாறு அறிவது?

உயிரணுவுக்குள் மரபணுக்கள் நூலில் கோத்த மணிகள்போல் வரிசையாக உள்ளன. எப்போதோ ஒருமுறை அந்த நூல் இரண்டு இடங்களில் அறுந்து, இடையிலுள்ள துண்டு தலைமாறித் திரும்பி ஒட்டிக்கொள்கிறது. மணி ஒன்றும் குறைவதில்லை, வரிசை மாறிவிடுகிறது. மாறிய வரிசை பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்குகிறது.

இதைத் தெளிவாகக் காட்டியவர் ஸ்டர்டிவன்ட் என்ற அமெரிக்கர். மாணவராக இருந்தபோதே, 1913-இல், பழ ஈயின் மரபணு வரிசைக்கு முதல் வரைபடம் போட்டவர் அவர். 1921-இல் நெருங்கிய இரண்டு ஈ இனங்களை ஒப்பிட்டு, ஒன்றில் ஒரு பகுதி தலைகீழாக இருப்பதை எடுத்துரைத்தார். 1938-இல் அவரும் டோப்ஷான்ஸ்கியும் இத்தகைய திருப்பங்களைக் கொண்டே ஒரு வகை ஈக்களுக்கு வம்சாவளி எழுதினர். ஈக்கு ஏது பிறப்புப் பத்திரம்!

முட்டைக்கோசுக்கு வருவோம். 1988-இல் பாமர், ஹெர்பன் என்ற இருவர், இவ்விரு செடிகளின் மைட்டோகாண்டிரியாவில் உள்ள மரபணுக்களை ஒப்பிட்டனர். பல மரபணுக்கள் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் ஒத்திருந்தன. வரிசையோ வேறாக இருந்தது.

பிள்ளைகள் இதை வீட்டில் செய்து பார்க்கலாம். ஐந்து சீட்டுகளில் 1 முதல் 5 வரை, முன்புறம் கறுப்பிலும் பின்புறம் சிவப்பிலும் எழுதுங்கள். கறுப்பு 1, சிவப்பு 5, கறுப்பு 4, சிவப்பு 3, கறுப்பு 2 என்று அடுக்குங்கள். இது முட்டைக்கோஸ். இப்போது 2-ஐப் புரட்டுங்கள். அடுத்து 4-ஐப் புரட்டுங்கள். பின்னர், சிவப்பாக நிற்கும் நான்கு சீட்டுகளையும் சேர்த்துப் பிடித்து ஒன்றாகப் புரட்டுங்கள். ஒன்று முதல் ஐந்துவரை கறுப்பாக, ஒழுங்காக நிற்கும். இது டர்னிப். மூன்றே திருப்பங்கள், இதற்குக் குறைவாக முடியாது.

ஐந்து சீட்டுக்குக் கை போதும். பத்துச் சீட்டு என்றால், அடுக்கக்கூடிய வரிசைகள் 371 கோடிக்கு மேல். எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்துக் குறைந்த வழியைத் தேடுவது ஆகாத காரியம். 1995-இல் ஹன்னென்ஹள்ளி, பெவ்ஸ்னர் இருவரும் கணிப்பொறி அதை விரைவில் கண்டுபிடிக்க ஒரு முறை வகுத்தனர். முட்டைக்கோசை டர்னிப்பாக மாற்றுதல் என்றே தங்கள் கட்டுரைக்குப் பெயரிட்டனர்.

பிறகு மனிதனும் எலியும் கணக்குக்கு வந்தனர். மரபணு நூல் எங்கு வேண்டுமானாலும் அறும் என்று நாடோ, டெய்லர் இருவரும் 1984-இல் வகுத்த கணக்கைப் பலரும் ஏற்றிருந்தனர். 2003-இல் பெவ்ஸ்னரும் டெஸ்லரும், சில இடங்களே மீண்டும் மீண்டும் அறுந்துள்ளன என்று வாதிட்டனர். இதுபற்றிக் கடும் சர்ச்சை எழுந்தது. நமக்கும் எலிக்கும் இடையே குறைந்தது 245 மாற்றங்கள் என்பது அவர்கள் கணக்கு.

‘குறைந்தது’ என்ற சொல்லை நேயர்கள் கவனிக்க வேண்டும். இயற்கை குறுக்குவழியில்தான் வந்தது என்பதற்கு உறுதி இல்லை. ஒரு துண்டு திரும்பி, பின்னொரு காலத்தில் மறுபடியும் பழையபடியே திரும்பியிருந்தால், அந்த இரண்டு திருப்பங்களும் இந்தக் கணக்கில் ஏறுவதில்லை.